ஏழு வயதுக்கு ஒரு மங்கு சோறு

தேக்கா மார்க்கெட்டுக்குப் போனால் என்னால் நிம்மதியாக மீன் வாங்க முடியாது. அறுபதுகள் முழுக்க எனக்கு இதே பாடுதான். செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று மீனைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்தில் ஓர் அம்மா கூடையைத் தரையில் வைத்துவிட்டு என் முகத்தைத் தூக்கிப் பார்க்காத குறையாக நிற்பார்.

"நீ நாடகத்துல வந்த பாப்பாதானே?"

"ஆமாங்க."

"அலாமா! எவ்வளோ பெருசா வளந்துட்டே!"

வளராமல் பின்னே? இருபது வயது தாண்டியும் அந்தக் குட்டைக் கவுனைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்களோ என்னவோ. அத்தோடு விட்டால் பரவாயில்லை. அடுத்தது நிச்சயம் வரும்.

"ஒரே ஒரு தடவ அழுது காட்டேன் லா. எம் மருமக பாத்ததே இல்ல."

நான் என்ன தெருக் குழாயா, திருகினால் கொட்டுவதற்கு? வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு ஒரு சிரிப்பைச் சிரித்து வைப்பேன். பிறகு மீன் வாங்கவே மனம் வராது. வெறுங்கையோடு வீட்டுக்குப் போனால் அம்மா கேட்பாள், "மீன் எங்கேடி?" என்று. "அழச் சொன்னாங்க, வந்துட்டேன்" என்பேன். அம்மா அதற்கு மேல் ஒன்றும் கேட்கமாட்டாள். முட்டைக் குழம்பு வைத்துவிடுவாள். அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் அதற்கு மேல் போனதே இல்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பத்து வருடங்களுக்கு மேல் நான் என் அம்மாவை மன்னிக்கவில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டு, உள்ளுக்குள் கறுவிக்கொண்டே இருந்தேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் ஏழாவது வயதிலிருந்து தொடங்க வேண்டும். அது லேசில் முடிந்த வயதில்லை. நான்கு வருடங்களுக்கு மேல் நீடித்தது.

அப்போது நாங்கள் சிராங்கூன் ரோட்டுப் பக்கத்துச் சந்தில், ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில் இருந்தோம். நீளமான ஒரே கூடத்தைப் பலகை அடித்து ஆறு அறைகளாகத் தடுத்திருந்தார்கள். ஒன்று எங்களுடையது. அப்பா துறைமுகத்தில் சரக்கு எண்ணிக் குறிக்கும் கிராணி. பகலில் மூட்டைகளை எண்ணுவார், சாயங்காலம் நாடகம் எழுதுவார். அவரே எழுதி, அவரே இயக்கி, அவரே பணக்கார வேடமும் போடுவார். வீட்டில் கோபம் வந்தால்கூட மேடைத் தமிழ்தான். "யாரங்கே! என் சட்டைப் பொத்தான் எங்கே?" என்று கத்துவார். பலகைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

அம்மாவுக்கு மேடையில் வேலை கிடையாது. அவள் இடம் பக்கத் திரைக்குப் பின்னால். கையில் வசன நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, யாராவது வசனம் மறந்து விழித்தால் முதல் இரண்டு வார்த்தையை மெல்ல எடுத்துக் கொடுப்பாள். அவளுக்குப் புத்தகமே தேவையில்லை, எல்லார் வசனமும் மனப்பாடம். முன்வரிசையில் இருப்பவர்களுக்குக்கூடக் கேட்காது, ஆனால் மேடையில் நிற்பவனுக்குக் கேட்கும். அந்த அளவுக் குரல் வேறு யாருக்கும் வராது.

எனக்கு ஆறு வயதானபோது, வழக்கமாகக் குழந்தை வேடம் போடும் பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டது. அப்பா என்னைத் தூக்கி மேடையில் விட்டார். அழ வேண்டிய இடத்தில் நான் அழுதேன். நிஜமாகவே கண்ணீர் வந்தது. அவ்வளவுதான், என் தலையெழுத்து தீர்மானமாகிவிட்டது.

அழுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. மேல்விளக்கைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு, மூச்சைக் கொஞ்சமாக விட்டு, மனதுக்குள் முப்பது வரை எண்ண வேண்டும். இருபத்தைந்துக்குள் கண் நிறைந்துவிடும். முப்பதில் வசனத்தைச் சொன்னால் கன்னத்தில் வழியும். வேண்டுமானால் வீட்டில் செய்து பாருங்கள். ஆனால் ஜனங்களுக்கு இது தெரியாதே. முன்வரிசையில் மூக்கைச் சிந்தும் சத்தம் எனக்குக் கேட்கும். "ஐயோ பாவம், யார் பெத்த பிள்ளையோ" என்பார்கள். பெற்றவள் பத்தடி தூரத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றுகொண்டிருப்பாள்.

விளம்பரத் தாளில் 'ஏழு வயதுப் பாப்பா நடிக்கும்' என்று அச்சடித்தார் அப்பா. முதல் தடவை அது கிட்டத்தட்ட உண்மை. எட்டு வயதானபோதும் அதையே போட்டார். ஒன்பதிலும் ஏழு. பத்திலும் ஏழு. "ஏம்ப்பா, எனக்கு வயசே ஏறாதா?" என்று கேட்டேன். "கலைக்கு வயதில்லை மகளே" என்றார். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த பிள்ளைகள் என்னைக் கேலி செய்து மாளவில்லை. வகுப்பில் எனக்குப் பிறந்தநாள் வந்தால், "வாழ்த்துகள், ஏழு முடிஞ்சு ஏழு" என்பார்கள்.

எங்கள் நாடகங்களில் நன்றாக ஓடியது ஒன்று. பணக்காரத் தாத்தா ஏழை மருமகளை வீட்டைவிட்டுத் துரத்திவிடுகிறார். அவள் குடிசையில் பட்டினி கிடக்கிறாள். மருமகள் மேடைக்கே வருவதில்லை, எல்லாம் வசனத்தில்தான். பேத்தியை மட்டும் தன் மாளிகைக்கு வரவழைத்து, தட்டு நிறையச் சோறு வைத்து, "உண்! உண் என்கிறேன்!" என்று அதட்டுகிறார் தாத்தா. பேத்தி தட்டைத் தள்ளிவிட்டுச் சொல்கிறாள்: "என் தாய் பசித்திருக்க, எனக்கு மட்டும் இந்தச் சோறு வேண்டாம்!" அந்த இடத்தில் அரங்கம் உடைந்துவிடும். தாத்தா மனம் திருந்துவார். அவ்வளவுதான் கதை. தாத்தா அப்பா, பேத்தி நான். எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்த வசனத்தைச் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

மேடையில் நிஜச் சோறு வைப்பதில்லை. பித்தளைத் தட்டில் பொரியைக் குவித்து வைப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சோறு மாதிரியே தெரியும்.

எனக்குப் பதினொரு வயது நடந்துகொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. சிங்கப்பூரில் அப்போது மலாய்ப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எடுக்கிறவர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். அவர்களில் ஒரு தமிழ் டைரக்டர் புதுப் படத்துக்கு ஒரு குழந்தையைத் தேடுகிறார், ஏழு வயதுப் பெண் குழந்தை, நன்றாக அழ வேண்டும். யாரோ எங்கள் விளம்பரத் தாளை அவரிடம் காட்டிவிட்டார்கள். இப்போது கையில் ஒரு படம் இருக்கிறது, மூன்று மாதம் கழித்து வந்து நாடகத்தைப் பார்க்கிறேன் என்று சொல்லியனுப்பினார்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆறு அறைகளுக்கும் போய்ச் சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்துப் பார்த்தார். மேடையில் போடும் வெள்ளைக் கவுனின் முதுகுப் பொத்தானைப் பூட்ட முடியவில்லை. ஊசி குத்தித்தான் சமாளித்துக்கொண்டிருந்தோம். கவுனுக்குக் கீழே முழங்கால் எட்டிப் பார்த்தது. அப்பாவின் முகம் சுருங்கியது.

அடுத்த வாரம் துறைமுகத்திலிருந்து ஒரு யோசனையோடு வந்தார். அங்கே யாரோ ஒரு மகானுபாவன் அவருக்குச் சொல்லியிருக்கிறான்: குதிரைப் பந்தயத்தில் ஓட்டுகிற ஜாக்கிகள் சோற்றைத் தொடவே மாட்டார்களாம், அதனால்தான் அவர்கள் குட்டையாக இருக்கிறார்களாம். "சோறுதான் எலும்பை நீட்டுறது. மூணே மூணு மாசம் சோத்தைக் கொறைச்சா, வளத்தி அப்படியே நிக்கும்" என்றார் அப்பா. படித்த மனுஷன். நான்கு நாடகம் எழுதியவர். எவனோ அளந்த குதிரைக் கதையை நம்பினார்.

அம்மா மறுத்துப் பேசுவாள் என்று நினைத்தேன். அவள் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மூணு மாசந்தானே?" என்று கேட்டாள்.

"மூணே மாசம். அப்புறம் நம்ம பாப்பா எங்கேயோ போயிடுவா."

"சரி" என்றாள் அம்மா. அந்தச் 'சரி'யை நான் மறக்கவில்லை.

கீழ்க் கடையிலிருந்து ஒரு சீன மங்கு வாங்கி வந்தாள். சேவல் படம் போட்ட சின்னக் கிண்ணம், கைக்குள் அடங்கும். மத்தியானம் ஒரு மங்கு, ராத்திரி ஒரு மங்கு. மேலே குவியாமல் அகப்பைக் காம்பால் வழித்துவிடுவாள். காலையில் வெறும் கோப்பி, ஒரு துண்டு ரொட்டி. கறி, மீன், முட்டை எல்லாம் கடுகளவு. நான் சாப்பிட்டு முடித்ததும் மங்கைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். "இன்னும் கொஞ்சம்மா" என்று கேட்டால் அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள். "தண்ணி குடி" என்பாள்.

பசி என்றால் என்ன என்று நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். சிராங்கூன் ரோட்டில் குடியிருந்துகொண்டு பசியாக இருப்பதைப்போல ஒரு கொடுமை கிடையாது. கீழே இறங்கினால் ரொட்டி தட்டுகிறவன், அவனுக்கு அடுத்து வடை போடுகிறவர், கொஞ்சம் தள்ளி மீ கோரெங் பிரட்டுகிற வண்டி. மூக்கைப் பொத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். தீபாவளி வந்தது. ஆறு அறையிலும் முறுக்கு சுட்டார்கள். எங்கள் அறையிலும் அம்மா சுட்டாள், வந்தவர்களுக்குக் கொடுத்தாள். எனக்கு ஒன்றே ஒன்று. அதை அன்று முழுக்க வைத்து நக்கித் தின்றேன். மேடையில் அழுவதற்கு முப்பது வரை எண்ணவே வேண்டியிருக்கவில்லை. பத்துக்குள் வந்துவிடும். "பிரமாதம்! நடிப்பு எப்படி முத்தியிருக்கு பாரு" என்று அப்பா பூரித்துப்போனார். நடிப்பாவது மண்ணாவது.

ஒருநாள் ஒத்திகை முடிந்ததும் மேடைத் தட்டில் இருந்த பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். எத்தனை நாள் பொரியோ, நமுத்துப்போய்த் தூசியாக இருந்தது. திரும்பினால் அம்மா நிற்கிறாள். நோட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு திரும்பிப் போய்விட்டாள். அப்பாவின் கண்ணிலும் பட்டிருக்க வேண்டும். மறுவாரம் தட்டில் பொரிக்குப் பதில் பஞ்சு வைத்தார்கள்.

அம்மாவின்மேல் எனக்கு வெறுப்பு ஊறத் தொடங்கியது அப்போதிலிருந்துதான். அப்பா புத்தி கெட்டவர், சரி. இவளுக்கு என்ன வந்தது? இவள்தானே அளந்து போடுகிறவள்? வழித்துவிடுகிற அந்த அகப்பைக் காம்பு ஒரு நாளாவது தவறக்கூடாதா? நானும் அப்பாவும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவாள். நமக்கு ஒரு மங்கு, அவள் மட்டும் சட்டியோடு வைத்துத் தின்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். போய்ப் பார்த்ததில்லை. பார்த்தால் இன்னும் பசிக்கும் என்று பயம்.

ஆனாலும் ஒன்று. எனக்கும் அந்தப் படம் வேண்டியிருந்தது. மலாய்ப் பட நடிகைகளின் படங்களைக் கத்தரித்துத் தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தேன். மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டால் காரில் போகலாம், அப்புறம் வேண்டியதைத் தின்னலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பட்டினி கிடந்ததற்கு அந்தப் படமாவது கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாமே வீண்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு நாடகம். டைரக்டர் வருகிறார் என்று மண்டபத்தில் வாழைமரம்கூடக் கட்டியிருந்தார்கள். விழாவுக்குத் தலைமை தாங்க, பக்கத்துத் தெருவில் பிரியாணிக் கடை வைத்திருந்த முதலாளியை அழைத்திருந்தார் அப்பா. நாகூர்ப் பக்கத்து மனிதர், எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் நாடக மன்றத்துக்கு நாற்காலி, தண்ணீர், தேத்தண்ணி எல்லாம் அவர் உபயம். முந்தின வாரம் ஒத்திகை பார்க்க வந்தவர், தட்டில் பஞ்சைப் பார்த்துவிட்டார்.

"என்னாப்பா இது? நான் தலைமை தாங்குற நாடகத்துல பஞ்சா? ஊரு என்னா சொல்லும்? நம்ம கடைச் சோறு வரும், பேசாம இருங்க" என்றார்.

அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "நானா, அது சும்மா காட்டத்தான் நானா, பாப்பா சாப்பிடாது."

"சாப்பிடாட்டி என்னா? பாக்குறவனுக்குத் தெரிய வேணாமா, பிள்ளை எப்பேர்ப்பட்ட சோத்தத் தள்ளுதுன்னு?"

தலைவரின் பேச்சைத் தட்ட முடியுமா? நாடகத்தன்று தாத்தா மாளிகைக் காட்சிக்குச் சற்று முன்னால் பெரிய தாம்பாளத்தில் பிரியாணி வந்து இறங்கியது. ஆட்டுக்கறி, அவித்த முட்டை, மேலே வறுத்த வெங்காயம், முந்திரி. ஆவி பறக்கிறது. வேடத்தில் இருந்த அத்தனை பேரும் மூக்கை உறிஞ்சினார்கள். அப்பா பட்டுக் கோட்டும் ஒட்டு மீசையுமாக என்னருகே குனிந்தார். "தொடக்கூடாது. வசனத்தைச் சொல்லு, தள்ளு, அவ்வளவுதான். அவரு ரெண்டாவது வரிசைல உக்காந்திருக்காரு" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

திரை விலகியது. தாம்பாளம் என் முன்னால். மூன்று மாதம் அந்த வாசனைக்கு நான் மூக்கைப் பொத்தியிருக்கிறேன், இப்போது பொத்த முடியாது. அப்பா கைத்தடியைத் தட்டிக்கொண்டு வந்தார். தன் வசனத்தைச் சொன்னார்.

"உண்! உண் என்கிறேன்!"

மூன்று மாதத்தில் முதல் தடவையாக அப்பா என்னைச் சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டேன்.

ஒரு கைப்பிடி அள்ளி வாயில் வைத்ததுதான் தெரியும். அப்புறம் மேடை தெரியவில்லை, விளக்கு தெரியவில்லை, டைரக்டர் தெரியவில்லை. இரண்டு கையாலும் அள்ளினேன். அப்பா மீசை துடிக்க நின்றார். மறுபடியும் வசனத்தைத் தவிர அவர் வேறு எதைச் சொல்ல முடியும்? மேடைத் தாத்தா "தின்னாதே" என்றா சொல்ல முடியும்? "உண்... உண் என்கிறேன்..." என்று இழுத்தார், கெஞ்சுகிற குரலில்.

பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "என் தாய் பசித்திருக்க..."

நான் முட்டையை வாயில் திணித்தேன்.

"என் தாய் பசித்திருக்க, எனக்கு மட்டும்..." கொஞ்சம் சத்தமாக.

கறியைக் கடித்து இழுத்தேன்.

மூன்றாவது தடவை முழு வசனத்தையும் சொன்னாள். முன்வரிசை முழுக்கக் கேட்டது. அவள் குரல் மேடையைத் தாண்டிப் போனது அன்று ஒருநாள்தான். அப்புறம் சத்தமில்லை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கண் பிதுங்க நான் திணறியபோது, அம்மா மேடைக்கு வந்துவிட்டாள். வீட்டுச் சேலை, காலில் செருப்பு, கையில் ஒரு டம்ளர் தண்ணீர். என் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தட்டினாள். "மெதுவா, மெதுவா. யாரும் புடுங்க மாட்டாங்க" என்றாள்.

ஜனங்களுக்கு அது நாடகத்தில் ஒரு பகுதி என்றே எண்ணம். பட்டினி கிடந்த தாய் தேடி வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு ஓவென்று அழுதார்கள். கைதட்டல் நிற்கவே இல்லை. நானா எழுந்து நின்று தட்டினார். திரையை இழுத்து மூடினார்கள்.

டைரக்டர் உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, மெல்லிய மனிதர். கோபமாக வருவார் என்று அப்பா கைகூப்பிக்கொண்டு நின்றார். அவரோ சிரித்துக்கொண்டே வந்தார்.

"இத்தனை வருஷத்துல ஒரு குழந்தை இப்படிச் சாப்பிட்டு நான் பாத்ததில்லை சார். இதான் நடிப்பு. எனக்கு இந்தப் பொண்ணுதான் வேணும்" என்றார். என் தலையில் கை வைத்தார். "பாப்பாவுக்கு ஏழுதானே?"

"ஏழுதான் சார், ஏழேதான்" என்றார் அப்பா.

"பதினொண்ணு முடிஞ்சு பன்னெண்டு நடக்குது" என்றாள் அம்மா.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என் கையில் ஒட்டியிருந்த சோற்றை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"அம்மா, நான் ஏழு வயசுப் பிள்ளை தேடுறேன். படம் முடிய ஒரு வருஷம் ஆகும்" என்றார் டைரக்டர்.

"அப்ப வேற எடம் பாருங்கய்யா. இது வளர்ற பிள்ளை."

அவ்வளவுதான். டைரக்டர் போய்விட்டார். நடந்தே வீட்டுக்கு வந்தோம். அப்பா ஒட்டு மீசையைப் பிய்த்துச் சாக்கடையில் எறிந்தார். அன்று சாயங்காலம் அம்மா அந்தச் சேவல் மங்கைக் கழுவி அலமாரியின் மேல்தட்டில் கவிழ்த்து வைத்தாள். எனக்குத் தட்டில் சோறு போட்டாள், குவித்து. நான் தொடவில்லை. தட்டைத் தள்ளிவிட்டேன். மேடையில் தள்ளாததை வீட்டில் தள்ளினேன்.

என் ஆத்திரம் என்னவென்று இப்போது புரிந்திருக்கும். பட்டினி போட்டவளும் அவள், அந்தப் பட்டினிக்குக் கிடைத்ததைத் தட்டிப் பறித்தவளும் அவள். ஒன்று முதலிலேயே 'முடியாது' என்று சொல்லியிருக்க வேண்டும். இல்லை, கடைசியில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். இரண்டும் கெட்டானாக என்னை நடுத்தெருவில் விட்டுவிட்டாளே என்று பொருமினேன்.

அப்பா ஒரு வருடம் அம்மாவோடு நேரில் பேசவில்லை. "உங்கம்மாகிட்ட சொல்லு, கோப்பி வேணும்" என்பார், அவள் எதிரில் நிற்கும்போதே. நான்தான் நடுவில் வசனம் எடுத்துக் கொடுக்க வேண்டும். நாடகம் மெல்ல மெல்ல நின்றுபோயிற்று. நான் சடசடவென்று வளர்ந்துவிட்டேன். குழந்தை வேடத்துக்குப் பெரியவள், கதாநாயகி வேடத்துக்குச் சின்னவள். பதினான்கு வயதில் ஒரு மன்றத்தில் தோழி வேடம் கொடுத்தார்கள், வசனமே இல்லை. அதோடு போதும் என்று விட்டுவிட்டேன். நாடகத்தால் பின்தங்கிப்போன படிப்பை என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தேன். டைப்பிங் கற்றுக்கொண்டேன். ஒரு கப்பல் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. நாள் முழுக்க முகம் தெரியாத ஆட்களிடம் பேச வேண்டும், யாரும் என்னை அழச் சொல்லமாட்டார்கள். ஒருமுறை பெண் பார்க்க வந்தவர்கள் மட்டும், "பொண்ணு நல்லா அழுமாமே?" என்று கேட்டார்கள். "இனிமேதானே லா அழணும், கட்டிக்கிட்ட அப்புறம்" என்றேன். எழுந்து போய்விட்டார்கள். அப்பா என்னைத் திட்டினார். அம்மா அடுப்படியில் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை.

அறுபதுகளின் கடைசியில் தோ பாயோவில் எங்களுக்குப் புது பிளாட் கிடைத்தது. ஏழாவது மாடி, சொந்தமாகக் குழாய், சொந்தமாகக் கக்கூஸ். குடிபோன கொஞ்ச நாளிலேயே அம்மாவுக்குத் தலை சுற்றல், ஓயாத தாகம். கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். இனிப்பு நீர் என்றார்கள். நர்ஸ் கையைக் குவித்துக் காட்டினார்: ஒரு வேளைக்கு இவ்வளவு சோறுதான், அதற்கு மேல் கூடாது.

அளப்பதற்கு ஏதாவது வேண்டுமே என்று சமையலறையில் தேடினேன். வீடு மாற்றிய சாமான்களுக்குள் அந்தச் சேவல் மங்கு இருந்தது. விளிம்பு கொஞ்சம் உடைந்திருந்தது, அவ்வளவுதான். வேண்டுமென்றேதான் அதை எடுத்தேன் என்று நினைக்கிறேன். நல்ல எண்ணத்தில் எடுக்கவில்லை.

அன்று மத்தியானம், சனிக்கிழமை, மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். மங்கில் சோறு போட்டு, அகப்பைக் காம்பால் வழித்து, அம்மாவின் தட்டில் கவிழ்த்தேன். அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சோற்றைப் பிசைந்தாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"எப்படிம்மா இருக்கு, ஒரு மங்குச் சோறு? இப்பத் தெரியுதா?"

அம்மா தலை நிமிரவில்லை. அப்பாதான் கையை உதறினார். பல் போய், குரல் போய், மேடைத் தமிழும் போயிருந்தது அவருக்கு.

"அவளுக்கு என்னாத்துக்குப் புதுசாத் தெரியணும்? அந்த மூணு மாசமும் அவளும் இதே மங்குலதானே அளந்து தின்னா?"

"யாரு?"

"உங்கம்மாதான். உனக்கு ஒரு மங்குன்னா அவளுக்கும் ஒரு மங்குதான். நான் எவ்வளவோ சொன்னேன், உனக்கு என்ன பைத்தியமான்னு. கேக்கல. நீ பள்ளிக்கூடம் போன நேரத்துலகூட ஒரு வாய் தொடமாட்டா. உனக்குத் தெரியாதா?"

"தெரியாது" என்றேன்.

"பழங்கதை எதுக்கு இப்போ?" என்றாள் அம்மா. பிறகு, தட்டைப் பார்த்துக்கொண்டே, "பிள்ளைக்குக் கொறைச்சிட்டு நான் எப்படி அள்ளி வாய்ல போடறது?" என்றாள்.

பத்தடி தூரம். அந்தத் தாம்பாளத்துக்கும் பக்கத் திரைக்கும் நடுவில் பத்தடி தூரம்தான். மூன்று தடவை எனக்கு அந்த வசனத்தை எடுத்துக் கொடுத்தவளின் வயிற்றில் அன்று காலையிலிருந்து ஒரே ஒரு மங்குச் சோறு. அதே வாசனை அவள் மூக்கிலும் ஏறியிருக்கும். நான் வழித்து வழித்துத் தின்றுகொண்டிருந்தேன்.

எனக்கு அழுகை வந்தது. விளக்கைப் பார்க்கவில்லை, ஒன்றுகூட எண்ணவில்லை. பத்து வருடத்துக்கு மேல் வராதது மூக்கும் வாயுமாகக் கொட்டியது. தோளெல்லாம் குலுங்கியது. அப்பா பயந்துபோய்த் தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தினார்.

அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு தன் தட்டிலிருந்த முருங்கைக்காய்த் துண்டை எடுத்து என் தட்டில் போட்டாள்.

"போதும் நடிச்சது. சோறு ஆறுது, சாப்பிடு" என்றாள்.